பீடங்களும் வெண்கலமும்: தோக்கியோ மாநகரச் சிலைகள் கூறும் வரலாறு

ஒரு மாநகரின் சிலைகளைக் காணச் செல்லும் பயணி பொதுவாக எஞ்சியவற்றையே காண்கிறார். அகற்றப்பட்டவை அவர் கண்ணில் படுவதில்லை. ஜப்பானியத் தலைநகரான தோக்கியோவைப் பொறுத்தவரை இவ்வுண்மை மிகுந்த அழுத்தம் பெறுகிறது. அந்நகரின் பொதுவிடச் சிலைகள் பத்தாண்டுக்கும் குறைந்த கால அளவில் இருமுறை களையெடுக்கப்பட்டன. போருக்கு உலோகம் திரட்டிய ஜப்பானிய அரசு 1943ஆம் ஆண்டு முதல் ஒரு பகுதியை அகற்றியது. நேசநாட்டுப் படையின் ஆளுகைக் காலத்தில், 1947ஆம் ஆண்டு, நகர நிருவாகம் மற்றொரு பகுதியை அகற்றியது. இன்று சுற்றுலாக் கையேடுகள் காட்டும் சிலைகள் இவ்விரு சல்லடைகளிலும் தப்பியவை, அல்லது அவற்றுக்குப் பின் மீண்டும் வார்க்கப்பட்டவை. எச்சிலை எவ்வாறு தப்பியது, எப்பீடம் ஏன் வெறுமையாயிற்று என்னும் வினாக்களை எழுப்பாமல் அவற்றைப் பார்ப்பது, ஏட்டின் பாதிப் பக்கங்களைக் கிழித்துவிட்டு எஞ்சியவற்றைப் படிப்பதற்கு ஒப்பாகும். இக்கட்டுரை அச்சிலைகளுள் சிலவற்றை மட்டும் எடுத்துக்கொள்கிறது.

மெய்ஜி ஆட்சிக்காலத்துக்கு (1868–1912) முன்பு ஜப்பானில் சிற்பக்கலை பெரிதும் கோயிலைச் சார்ந்தே வளர்ந்தது. புத்தர், போதிசத்துவர், காவல் தெய்வங்கள், சமயக் குரவர் ஆகியோரின் உருவங்களை மரத்திலும் உலோகத்திலும் ஆக்கும் சிற்பியர் மரபு அங்குப் பல நூற்றாண்டுகளாக இருந்தது. ஆனால், அண்மையில் மறைந்த ஓர் அரசியல் தலைவரையோ படைத்தலைவரையோ தெருச் சந்தியில் உயர்ந்த பீடத்தின்மேல் நிறுத்திவைக்கும் வழக்கம் இல்லை. அவ்வழக்கம் மேலைநாடுகளுக்குச் சென்று திரும்பிய அதிகாரிகள் கொண்டுவந்தது. வெண்கல உருவம் எனப் பொருள்படும் ‘தோசோ’ என்னும் சொல், பொதுவிடத்தில் நிற்கும் மாந்தர் சிலை என்னும் பொருளில் மக்கள் வழக்கில் ஊன்றியதும் இக்காலத்தில்தான். 1876ஆம் ஆண்டு அரசு தொடங்கிய தொழில்நுட்பக் கலைப்பள்ளியில் சிற்பம் கற்பிக்க இத்தாலியிலிருந்து வின்சென்சோ ரகூசா அழைக்கப்பட்டார். களிமண்ணில் உருவம் சமைத்து, அதிலிருந்து அச்செடுத்து, உலோகத்தில் வார்க்கும் மேலைநாட்டு முறையை ஜப்பானிய மாணவர் அவரிடமே முறையாகப் பயின்றனர்.

அம்மாணவருள் ஒருவரான ஓகுமா உஜிஹிரோ ஆக்கிய ஓமுரா மசுஜிரோ சிலை 1893ஆம் ஆண்டு யசுக்குனி ஆலயத்தின் நடைபாதை நடுவே நிறுவப்பட்டது. தோக்கியோவின் முதல் மேலைநாட்டுப் பாணி வெண்கலச் சிலை இதுவேயாகும். ஓமுரா, ஜப்பானின் புதிய தரைப்படைக்கு அடித்தளமிட்டவர்; 1869ஆம் ஆண்டு எதிர்ப்பாளரால் வெட்டுண்டு, அக்காயத்தால் இறந்தவர். இப்பணியை ஏற்ற ஓகுமா ஐரோப்பா சென்று மேலும் பயின்று திரும்பினார். சிலை வார்க்கப்பட்ட இடம் இங்குச் சுட்டத்தக்கது. அவ்வளவு பெரிய உருவத்தை வார்க்கும் வசதி அன்று தரைப்படையின் பீரங்கித் தொழிற்சாலையில் இருந்தது. சிலை அங்கேதான் வார்க்கப்பட்டது. பீரங்கி வார்த்த உலையில் தோக்கியோவின் சிலை மரபு பிறந்தது. அரை நூற்றாண்டுக்குப் பின் அம்மரபில் வந்த சிலைகள் பல மீண்டும் படைக்கலத் தேவைக்கான உலைக்கே சென்றன. ஓமுரா சிலை அவ்வாறு செல்லாமல் இன்றும் ஓங்கிய தூணின்மேல் நிற்கிறது. கையில் இருகண் தொலைநோக்கி ஏந்தி வடகிழக்கை நோக்குகிறார். அவர் பார்வை உவேனோக் குன்றின் பக்கம் செல்கிறது என்பர். அங்குதான் 1868ஆம் ஆண்டு அவர் வகுத்த திட்டப்படி ஷோகுன் ஆட்சியின் ஆதரவாளர் முறியடிக்கப்பட்டனர்.

யசுக்குனி ஆலயத்தைப் பற்றித் தென்கிழக்காசிய வாசகருக்கு விளக்கம் தேவையில்லை. போர்க்குற்றவாளிகளெனத் தீர்ப்பளிக்கப்பட்ட முதல்நிலைத் தலைவர் பதினால்வர் 1978ஆம் ஆண்டு அங்கு வழிபாட்டுக்குரியோர் வரிசையில் சேர்க்கப்பட்டதிலிருந்து அவ்விடம் தீராத சர்ச்சைக்குரியதாக உள்ளது. இந்தியவியல் மாணவர் அங்குக் காணத்தக்கது மற்றொன்றும் உண்டு. தோக்கியோப் போர்க்குற்ற விசாரணை மன்றத்தில் மாறுபட்ட தீர்ப்பெழுதிய இந்திய நீதிபதி ராதா பினோத் பாலுக்கு 2005ஆம் ஆண்டு அவ்வளாகத்தில் நினைவுக்கல் எழுப்பப்பட்டது. குற்றம் சாட்டப்பட்டோர் அனைவரையும் சட்ட அடிப்படையில் விடுவிக்க வேண்டும் என்றவர் பால். ஆயினும் ஜப்பானியப் படையினர் இழைத்த கொடுமைகளுக்குச் சான்றுகள் வலுவாக உள்ளன என்பதை அவர் அத்தீர்ப்பிலேயே ஏற்றார். நினைவுக்கல் முதற்செய்தியையே தாங்கி நிற்கிறது. நினைவுச்சின்னம் பெரும்பாலும் தன்னை எழுப்பியவரைப் பற்றியே பேசுகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு அரிது.

உவேனோக் குன்று

உவேனோ தொடருந்து நிலையத்திலிருந்து பூங்காவுக்குப் படியேறுவோர் முதலில் காண்பது சைகோ தக்காமோரியின் சிலை. ஏறத்தாழ 3.7 மீட்டர் உயரமுள்ள இவ்வுருவம் பருத்த உடலும் அகன்ற கண்களும் கொண்டு, குட்டையான கிமோனோ உடுத்தி, வைக்கோல் செருப்பணிந்து, ஒரு கையில் நாயின் கயிற்றைப் பிடித்தபடி நிற்கிறது. முயல் வேட்டைக்குப் புறப்படும் கோலம். ஒரு நாட்டின் முதல் தரைப்படைப் பெருந்தலைவரை இக்கோலத்தில் நிறுத்தியது ஏன்?

1868ஆம் ஆண்டு ஏப்ரலில் ஷோகுன் தரப்பின் கட்சு கைஷூவுடன் பேசி, எதோக் கோட்டையைப் போரின்றி ஒப்படைக்கச் செய்தவர் சைகோ. எதோவே பின்னர்த் தோக்கியோ ஆயிற்று. நகரம் எரியாமல் தப்பியதற்கு அவ்வுடன்பாடு காரணம். கோட்டை கைமாறிய பின்னும் பணிய மறுத்த ஷோகித்தாய் என்னும் படைக்குழு உவேனோவின் கனெய்ஜி ஆலயத்தில் தங்கியது. அவ்வாண்டு ஜூலை 4ஆம் நாள் நடந்த போரில் ஆலயத்தின் பெரும்பகுதி எரிந்தது. முன்வாயிலைத் தாக்கிய சத்சுமாப் படைக்குத் தலைமை ஏற்றவரும் சைகோவே. புதிய அரசின் தூண்களுள் ஒருவராக விளங்கிய அவர், 1873ஆம் ஆண்டு கருத்து வேறுபாட்டால் பதவி துறந்து சொந்த ஊர் திரும்பினார். 1877ஆம் ஆண்டு சத்சுமா வீரர்களின் கிளர்ச்சிக்குத் தலைமை தாங்கித் தோற்று, செப்டம்பர் 24ஆம் நாள் ககோஷிமாவில் உயிர் துறந்தார். அன்று அவர் அரசின் பகைவர். 1889ஆம் ஆண்டு அரசியலமைப்பு அறிவிக்கப்பட்டபோது அவர்மீதிருந்த பழி நீக்கப்பட்டு, உயர்பட்டமும் வழங்கப்பட்டது. அதன் பின்னரே சிலைக்கு நிதி திரட்டும் பணி தொடங்கியது. இருபத்தையாயிரத்துக்கும் மேற்பட்டோர் பொருளுதவி செய்தனர்.

முதலில் படைத்தலைவர் சீருடையில் அவரைக் காட்டும் எண்ணமே இருந்தது. அரசை எதிர்த்துப் போரிட்டவருக்கு அரசின் சீருடையா என்னும் எதிர்ப்பு எழவே, அத்திட்டம் கைவிடப்பட்டது. இறுதியில் வாள் மட்டும் இடையில் இருக்க, நாட்டுப்புறத்து வேட்டைக்காரராக அவர் உருப்பெற்றார். மன்னிப்பு உண்டு, பதவி இல்லை என்னும் ஓர் அரசியல் சமரசத்தின் வடிவமே அக்கிமோனோ எனலாம். மக்கள் அதனை எளிமையின் அடையாளமாகக் கொண்டனர். சமரசத்திற்காகத் தேர்ந்த உடையே சைகோவைப் பொதுமக்களுக்கு நெருக்கமாக்கியது என்பது வரலாற்றின் விந்தைகளுள் ஒன்று.

முகமும் ஒரு சிக்கலே. சைகோவின் உண்மையான ஒளிப்படம் என உறுதியாக ஏற்கப்பட்டது எதுவும் இல்லை. அவர் இறந்தபின் இத்தாலியரான எதுவார்தோ கியோசோனே, தம்பியின் முகத்து மேற்பாதியையும் உறவினர் ஓயாமா இவாவோவின் கீழ்ப்பாதியையும் இணைத்து ஓர் ஓவியம் தீட்டினார். பின்வந்த உருவங்களுக்கு அதுவே வழிகாட்டி. 1898ஆம் ஆண்டு டிசம்பர் 18ஆம் நாள் திரை விலக்கப்பட்டபோது, என் கணவர் இவ்வாறு இருந்ததில்லையே என அவருடைய கைம்பெண் இத்தோக்கோ கூறினார் என்னும் செய்தி இன்றும் வழங்குகிறது. முகத்தைச் சொன்னாரா உடையைச் சொன்னாரா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. தம் கணவர் பொதுமக்கள் முன் அத்தகைய உடையில் செல்லும் இயல்பினர் அல்லர் என்பதே அவர் கருத்து எனப் பலர் கொள்வர். அதுவே பொருத்தமாகத் தோன்றுகிறது.

இச்சிலையை ஆக்கிய தக்காமுரா கோவுன் (1852–1934) கோயில் சிற்பியர் மரபில் மரம் செதுக்கக் கற்றவர். மெய்ஜிப் புரட்சியின் தொடக்கத்தில் புத்தசமயம் நெருக்கடிக்கு உள்ளானபோது, தொழிலிழந்து வாடிய தலைமுறையினர் அவர். பின்னர்த் தோக்கியோ நுண்கலைப் பள்ளியில் பேராசிரியரானார். நாயை மட்டும் விலங்குருவங்களில் வல்ல கோத்தோ சதாயுக்கி ஆக்கினார். ஆகவே ரகூசாவின் மாணவர்வழி வந்த ஓமுரா சிலைக்கும் உவேனோச் சைகோவுக்கும் இடையே ஆக்கமுறையிலேயே வேறுபாடுண்டு. முன்னது களிமண்ணிலிருந்து பிறந்தது, பின்னது மரத்திலிருந்து பிறந்தது.

சைகோ சிலைக்குப் பின்னால் சில அடி தொலைவில் ஷோகித்தாய் வீரர்களின் கல்லறை உள்ளது. படியேறி வந்து ஒளிப்படம் எடுத்துக்கொண்டு திரும்பும் பயணியர் பலர் அதனைக் காண்பதில்லை. வென்றவரின் சிலையும், வெல்லப்பட்டோரின் கல்லறையும், ஒரே போர்க்களத்தில் ஒன்றன்பின் ஒன்றாக அமைந்துள்ளன. வென்றவரும் பின்னர்க் கிளர்ச்சிக்காரராகவே இறந்தார். தோக்கியோவில் ஒரே ஓர் இடத்தை மட்டும் காண வாய்ப்புள்ள வரலாற்று மாணவருக்கு இவ்விடத்தையே பரிந்துரைக்கலாம். 1923ஆம் ஆண்டு செப்டம்பர் 1ஆம் நாள் நேர்ந்த பெருநிலநடுக்கத்திற்குப் பின், காணாமற்போன உறவினரைத் தேடி மக்கள் எழுதிய தாள்கள் இச்சிலையின் உடலெங்கும் பீடமெங்கும் ஒட்டப்பட்டன. அக்கால ஒளிப்படங்களில் சைகோ தாள்களால் மூடப்பட்டு நிற்கிறார். வீடிழந்தோருக்கு அன்று அவர் ஓர் அறிவிப்புப் பலகை.

அந்நிலநடுக்கத்தில் உவேனோவின் மற்றொரு பேருருவம் சிதைந்தது. பதினேழாம் நூற்றாண்டு முதல் அக்குன்றில் வீற்றிருந்த பெரும்புத்தர் முன்னரும் நிலநடுக்கங்களில் தலையிழந்து செப்பனிடப்பட்டவர். 1923இல் தலை மீண்டும் விழுந்தது. கனெய்ஜி ஆலயத்தார் தலையைப் பாதுகாத்து வைத்திருக்க, உடல் போர்க்காலத்தில் உலோகத்துக்காகக் கொடுக்கப்பட்டுவிட்டது. எஞ்சிய முகம் மட்டும் 1972ஆம் ஆண்டு ஒரு சுவரில் பதிக்கப்பட்டது. இனி விழுவதற்கு ஒன்றுமில்லாத புத்தர் என்பதால், தேர்வில் ‘விழாமல்’ இருக்க வேண்டி மாணவர் இங்கு வணங்குகின்றனர். ஜப்பானிய மொழியிலும் தேர்வில் தோற்றலை விழுதல் என்னும் வினையாலேயே குறிப்பர்.

அரண்மனைத் திடல்

அரண்மனையின் வெளித்தோட்டத்தில் பாயும் குதிரைமேல் அமர்ந்திருப்பவர் பதினான்காம் நூற்றாண்டு வீரர் குசுனோக்கி மசாஷிகே. கோதைகோ பேரரசருக்காகப் போரிட்டு 1336ஆம் ஆண்டு மினத்தோகாவாவில் மாண்டவர். பேரரசர்மீது பற்று என்னும் கருத்தைப் புதிய அரசு மக்களிடையே பரப்ப விரும்பியபோது, ஐந்நூற்றாண்டுக்கு முந்திய இவ்வீரர் பள்ளிப் பாடங்களிலும் பொதுவிடத்திலும் முன்னிறுத்தப்பட்டார்.

சிலையை வழங்கியது சுமித்தோமோ நிறுவனம். அதன் செல்வத்துக்கு ஊற்றாக இருந்த பெஷ்ஷிச் செம்புச் சுரங்கம் 1691ஆம் ஆண்டு தொடங்கியது. இருநூறாம் ஆண்டு நிறைவுக்கு அச்சுரங்கத்துச் செம்பைக் கொண்டே சிலை வார்ப்பதெனத் தீர்மானிக்கப்பட்டது. தக்காமுரா கோவுன் தலைமையில் நுண்கலைப் பள்ளிச் சிற்பியர் மர முன்மாதிரியைச் செதுக்கினர். குதிரை கோத்தோ சதாயுக்கியின் பங்கு. 1893ஆம் ஆண்டு அம்முன்மாதிரி பேரரசர் மெய்ஜியின் பார்வைக்குக் கொண்டுசெல்லப்பட்டது. தலைக்கவசத்தின் வாள்வடிவ அணிக்கு ஓர் ஆப்பு அடிக்க மறந்துவிட்டதால் அது காற்றில் ஆடியதையும், பேரரசர் சுற்றிவந்து பார்க்கும் வேளையில் அது விழுந்துவிடுமோ என்று தாம் நடுங்கியதையும் கோவுன் தம் நினைவுக் குறிப்பில் பதிந்துள்ளார். சிலை 1900ஆம் ஆண்டு இன்றைய இடத்தில் நிறுவப்பட்டது. முன்மாதிரியைப் பேரரசர் கண்ட அதே 1893ஆம் ஆண்டில்தான், பெஷ்ஷிச் செம்பை உருக்கிய ஆலையின் புகையால் பயிர் கருகுவதாக நிஹாமாப் பகுதி உழவர் கிளர்ந்தெழுந்தனர். பீடத்துக் கல்வெட்டில் அவர்களுக்கு இடமில்லை.

குசுனோக்கியின் குலச்சின்னம் நீரில் மிதக்கும் செவ்வந்தி. ‘கிக்குசுய்’ எனப்படும் அச்சின்னத்தின் பெயரே 1945ஆம் ஆண்டு ஒக்கினாவாவில் நடந்த தற்கொலை வான்தாக்குதல் தொடருக்குச் சூட்டப்பட்டது. இளைஞரை மாளச் சொன்ன அரசுக்கு இவ்வீரரின் பெயர் எவ்வளவு தேவைப்பட்டது என்பதை இதனால் உணரலாம். அரசே பிற சிலைகளை உருக்கியபோது இச்சிலை தொடப்படாததில் வியப்பில்லை. ஆளுகைக் காலத்திலும் இது தப்பியது. அண்மைப் போர்களோடு நேரடித் தொடர்பற்ற பழங்காலத்தவர் என்பதும், மெய்ஜிக் கலையின் தலைசிறந்த படைப்பு என்பதும் அதற்குத் துணைசெய்திருக்கக்கூடும்.

நாயும் போரும்

1941ஆம் ஆண்டு உலோகத் திரட்டு ஆணை நடைமுறைக்கு வந்தது. இரும்பும் செம்பும் இறக்குமதியாவது தடைப்பட்ட நிலையில், கோயில் மணிகள், வேலிக் கம்பிகள், வீட்டுப் பாத்திரங்கள் ஆகியன திரட்டப்பட்டன. 1943ஆம் ஆண்டு மார்ச்சில் வெண்கலச் சிலைகளையும் திரட்ட அமைச்சரவை முடிவுசெய்தது. பேரரசர் குடும்பத்தாரின் சிலைகளும், மக்கள் பெரிதும் போற்றும் சில சிலைகளும் விலக்குப் பெற்றன. பள்ளிகளில் விறகு சுமந்தபடி நூல் படிக்கும் சிறுவன் நினோமியா கின்ஜிரோவின் வெண்கல உருவங்களும் உலைக்குச் சென்றன. உழைப்புக்கும் கல்விக்கும் எடுத்துக்காட்டாக நிறுத்தப்பட்ட அச்சிறுவனை, போருக்குச் செல்லும் வீரனை வழியனுப்புவதுபோல மாணவர் வரிசையாக நின்று அனுப்பிவைத்த பள்ளிகள் உண்டு.

ஷிபுயா நிலையத்து ஹச்சிகோவை அறியாதார் இலர். தோக்கியோ பேரரசுப் பல்கலைக்கழக வேளாண் பேராசிரியர் உவேனோ ஹிதேசபுரோ 1925ஆம் ஆண்டு மே மாதம் பணியிடத்தில் திடீரென இறந்தார். அவர் வளர்த்த அக்கித்தா நாய் அதன்பின் ஏறத்தாழப் பத்தாண்டுகள் நிலையத்துக்கு வந்துபோனது. 1932ஆம் ஆண்டு அக்டோபரில் நாளிதழ் ஒன்றில் இச்செய்தி வெளிவந்ததும் நாடே உருகியது. 1934ஆம் ஆண்டு ஏப்ரல் 21ஆம் நாள் ஆண்டோ தேரு ஆக்கிய சிலை, அந்நாய் உயிரோடு அருகிலிருக்கவே, திறக்கப்பட்டது. மறு ஆண்டு மார்ச் 8ஆம் நாள் அது இறந்தது. பாடம் செய்யப்பட்ட அதன் உடல் உவேனோவிலுள்ள தேசிய அறிவியல் அருங்காட்சியகத்தில் உள்ளது.

இக்கதையை வகுப்பறையில் நன்றியுணர்வுக்கு எடுத்துக்காட்டாகச் சொல்லும் ஆசிரியர் ஒரு செய்தியை நினைவிற் கொள்ளுதல் நலம். ஜப்பானிய அரசே 1930களில் இதனைத் தொடக்கப்பள்ளி அறநெறிப் பாடநூலில் சேர்த்தது. பெற்ற நன்மையை மறவாதே என்பது பாடத்தின் கருத்து. வேண்டப்பட்ட நன்றி வீட்டுத் தலைவரோடு நிற்கவில்லை. அது பேரரசர்வரை நீண்டது. இவ்வளவு போற்றப்பட்ட நாயின் உருவத்துக்கும் 1944ஆம் ஆண்டு விலக்குக் கிடைக்கவில்லை. போர்முனைக்குச் செல்லும் வீரருக்கு அணிவிப்பது போன்ற பட்டையை அணிவித்து அதனைப் பீடத்திலிருந்து இறக்கினர். ஹமமாத்சுவின் தொடருந்துப் பட்டறையில் 1945ஆம் ஆண்டு ஆகஸ்டு 14ஆம் நாள், ஜப்பான் சரணடைதல் அறிவிக்கப்பட்டதற்கு முந்திய நாள், அது உருக்கப்பட்டதாகக் கூறுவர். அதற்குச் சில மாதங்களுக்கு முன், மே 25ஆம் நாள் வான்குண்டு வீச்சில் சிற்பி ஆண்டோ தேருவும் மாண்டார். இன்று ஷிபுயாவில் மக்கள் சந்திப்பிடமாகக் கொள்ளும் சிலை, அவர் மகன் ஆண்டோ தக்கேஷி ஆக்கி 1948ஆம் ஆண்டு ஆகஸ்டில் நிறுவப்பட்டது. தந்தையின் படைப்பை மகன் மீண்டும் படைத்தார். முதலாவதன் வெண்கலத்தில் ஒரு துளியும் இதில் இல்லை.

ஆண்டோ தேரு ககோஷிமாவில் பிறந்தவர். 1937ஆம் ஆண்டு தம் ஊரில் அவர் நிறுவிய சைகோ தக்காமோரி சிலை, தோக்கியோவில் மறுக்கப்பட்ட தரைப்படைச் சீருடையை அணிந்துள்ளது. அச்சிலைக்குத் தீங்கு நேரவில்லை. கிளர்ச்சிக்காரருக்கு 1898இல் மறுக்கப்பட்ட சீருடை, சீனப்போர் மூண்ட ஆண்டில் தடையின்றிக் கிடைத்தது என்பது கருதற்குரியது.

மியாக்கேசாக்காவின் பீடம்

அரண்மனை அகழியை ஒட்டிய மியாக்கேசாக்காவில், உச்சநீதிமன்றத்தின் அருகே, ஓர் உயர்ந்த பீடத்தில் ஆடையற்ற மூன்று பெண்ணுருவங்கள் நிற்கின்றன. கிக்குச்சி கசுவோ ஆக்கிய ‘அமைதிக் குழு’ என்னும் இச்சிற்பம் 1951ஆம் ஆண்டு ஒரு விளம்பர நிறுவனத்தால் நிறுவப்பட்டது. சுற்றுலாக் கையேடுகள் இதனைப் பொருட்படுத்துவதில்லை. மலாயா, சிங்கை வாசகருக்கோ தோக்கியோவின் வேறெந்தச் சிலையைவிடவும் இப்பீடமே முதன்மையானது என்பது இக்கட்டுரையாளரின் கருத்து.

இப்பீடத்தின்மேல் 1923ஆம் ஆண்டு முதல் குதிரைமீது அமர்ந்திருந்தவர் தெராவுச்சி மசத்தாக்கே. கொரியாவின் முதல் ஜப்பானியத் தலைமை ஆளுநர்; 1916 முதல் 1918 வரை பிரதமர். தரைப்படைத் தலைமையகங்கள் சூழ்ந்த அவ்விடத்தில் அச்சிலையை ஆக்கியவர் கித்தாமுரா செய்போ. 1943ஆம் ஆண்டு சிலை உலோகத்துக்காக எடுக்கப்பட்டது. பீடம் மட்டும் எட்டாண்டுகள் வெறுமையாக நின்று, பின் அமைதியைத் தாங்கலாயிற்று. கித்தாமுராவும் அவ்வாறே. வானைச் சுட்டும் ஒரு கையும் நீட்டிய மறு கையுமாக அமர்ந்துள்ள நாகசாக்கி அமைதிச் சிலை, 1955ஆம் ஆண்டு அவர் ஆக்கியது. போர்க்காலத் தலைவர்களை வார்த்த கையே அமைதியையும் வார்த்தது. அதனைக் குற்றமாகக் கூறுவதற்கில்லை; சிற்பி தமக்கு வரும் பணியைச் செய்பவர். ஆனால் அவ்விரண்டுக்கும் இடையே எத்துணை எளிதாகக் கடக்க முடிந்தது என்பது சிந்திக்கத்தக்கது.

தெராவுச்சியின் மகன் ஹிசாயிச்சி, 1941ஆம் ஆண்டின் இறுதியில் மலாயாவுக்குள் புகுந்த படைகள் உள்ளிட்ட தென்பகுதிப் படை முழுமைக்கும் தலைவர். சயாம் மரண இரயில் பாதை இடப்பட்டது அத்தென்பகுதிப் படையின் பொறுப்பில்தான். தந்தையின் சிலை தோக்கியோவில் பீடத்திலிருந்து இறக்கப்பட்ட 1943ஆம் ஆண்டின் அக்டோபரில்தான் அப்பாதையின் இரு முனைகளும் இணைந்தன. அங்கும் உலோகப் பஞ்சமே. மலாயாவின் கிழக்குக்கரை இரயில் பாதையிலிருந்து தண்டவாளங்கள் பெயர்த்தெடுக்கப்பட்டுச் சயாமுக்கு அனுப்பப்பட்டன. தண்டவாளங்களைப் போலவே தோட்டங்களிலிருந்து தமிழ்த் தொழிலாளரும் பல்லாயிரக்கணக்கில் கொண்டுசெல்லப்பட்டனர், திரும்பாதோர் மிகப்பலர். வெண்கலக் குதிரையையும், பகாங் காட்டுத் தண்டவாளத்தையும், தோட்ட மக்களையும் ஒரே போரின் ஒரே பசி விழுங்கியது.

ஹிசாயிச்சி 1946ஆம் ஆண்டு ஜூனில் ஜொகூரில் பிரிட்டிஷ் காவலில் இருந்தபோது இறந்தார். அவருக்குரிய கல்லறைச் சின்னம் சிங்கப்பூரில் ஹவ்காங் பகுதியிலுள்ள ஜப்பானியர் கல்லறைப் பூங்காவில் உள்ளது. தந்தையின் சிலை தோக்கியோவில் இல்லை. மகனின் கல் சிங்கையில் இருக்கிறது.

இரண்டாம் களையெடுப்பு இவ்வளவு கடுமையானதன்று. 1947ஆம் ஆண்டு நகர நிருவாகம் அமைத்த குழு, படையெடுப்பு மனப்பான்மையை வளர்ப்பன எனக் கருதப்பட்ட சின்னங்களை ஆய்ந்தது. மன்செய்பாஷி நிலையத்தின்முன் 1910ஆம் ஆண்டு முதல் நின்ற கடற்படை அதிகாரி ஹிரோசே தக்கேவோவின் சிலை அவ்வாறு அகற்றப்பட்டது. ஆர்தர் துறைமுக முற்றுகையில், காணாமற்போன தம் கீழ்நிலை வீரரைத் தேடி இறந்த ஹிரோசேயைப் பள்ளிப் பாடல்களால் அறிந்திருந்தது ஒரு தலைமுறை. அடுத்த தலைமுறைக்கு அவர் நின்ற இடமே தெரியாமற்போயிற்று. ஓயாமா இவாவோவின் குதிரைச்சிலை போன்ற சில, இடம் மாற்றப்பட்டுப் பின்னாளில் வேறிடங்களில் நிறுவப்பட்டன.

1958ஆம் ஆண்டு எழுந்த 333 மீட்டர் தோக்கியோக் கோபுரத்தின் மேற்பகுதிக்கு, கொரியப் போரில் பயன்பட்டுக் கழிக்கப்பட்ட அமெரிக்கக் கவசவண்டிகளின் எஃகு பயன்படுத்தப்பட்டது. இம்முறை உலோகம் எதிர்த்திசையில் பயணம் செய்தது. ஒடைபாக் கடற்கரையில் 2000ஆம் ஆண்டு நிறுவப்பட்ட சுதந்திரதேவி சிலையின் படியுருவத்தைப் பற்றி இங்கு விரிக்க ஏதுமில்லை. அது ஒளிப்படத்திற்கு உரியது.

ரெங்கோஜி

சுகினாமி வட்டாரத்தின் அமைதியான குடியிருப்புப் பகுதியில் ரெங்கோஜி என்னும் சிறிய நிச்சிரென் பிரிவு ஆலயம் உள்ளது. 1945ஆம் ஆண்டு ஆகஸ்டு 18ஆம் நாள் தைப்பேயில் நேர்ந்த விமான விபத்தில் இறந்த சுபாஷ் சந்திர போஸின் அஸ்தி எனக் கொள்ளப்படுவது, அவ்வாண்டு செப்டம்பர் முதல் இங்கு வைக்கப்பட்டுள்ளது. முற்றத்தில் அவருடைய மார்பளவுச் சிலை இருக்கிறது. நேரு 1957ஆம் ஆண்டும், இந்திரா காந்தி 1969ஆம் ஆண்டும், வாஜ்பாய் 2001ஆம் ஆண்டும் இங்கு வந்துள்ளனர். விபத்தைப் பற்றி இந்திய அரசு அமைத்த மூன்று விசாரணைகளுள் முதலிரண்டும் விபத்தில் அவர் இறந்ததாக ஏற்றன. 2005ஆம் ஆண்டு நிறைவுற்ற முகர்ஜி ஆணையம் ஏற்கவில்லை, அதன் முடிவை அரசு ஏற்கவில்லை. அஸ்தி ஜப்பானிலேயே இருந்துவருகிறது.

1943ஆம் ஆண்டு ஜூலையில் போஸ் தோக்கியோவிலிருந்தே சிங்கப்பூர் வந்தார். அவர் அழைப்பை ஏற்று இந்திய தேசிய இராணுவத்திலும் ஜான்சிராணிப் படையிலும் சேர்ந்தோருள் மலாயாத் தோட்டத் தமிழர் பெருந்தொகையினர். தென்கிழக்காசியாவிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்ட இந்திய இளைஞர் நாற்பதுக்கும் மேற்பட்டோர் 1944ஆம் ஆண்டு ஜப்பானுக்கு அனுப்பப்பட்டு அந்நாட்டுப் படைக் கல்லூரிகளில் பயிற்சி பெற்றனர். ஒரே தோட்டத்திலிருந்து ஒருவர் சயாமுக்கும் மற்றொருவர் படைமுகாமுக்கும் சென்ற காலம் அது. தெராவுச்சியின் பீடத்தையும் போஸின் சிலையையும் ஒரே நகரில், ஒரே நாளில் காணும் நம்மவருக்கு அவ்விரு வரலாறுகளும் தனித்தனியே அமைய இயலாது. ஒன்றைப் போற்றி மற்றொன்றை மறைக்கும் எழுத்து இரண்டு தரப்பாருக்கும் நேர்மையுடையதன்று.

1945ஆம் ஆண்டு ஜூலை 8ஆம் நாள், மாண்ட இந்திய தேசிய இராணுவ வீரர்களின் நினைவுச்சின்னத்துக்குச் சிங்கப்பூர்க் கடற்கரைத் திடலில் போஸ் அடிக்கல் நாட்டினார். ஒற்றுமை, நம்பிக்கை, தியாகம் எனப் பொருள்படும் உருதுச் சொற்கள் அதில் பொறிக்கப்பட்டன. ஜப்பானியர் சரணடைந்தபின் திரும்பிய பிரிட்டிஷார், மவுண்ட்பேட்டனின் ஆணைப்படி அவ்வாண்டு செப்டம்பரில் அதனைத் தகர்த்தனர். இரண்டு மாத வாழ்வே அதற்கு வாய்த்தது. அது நின்ற இடத்தைச் சுட்டும் குறிப்புக்கல் 1995ஆம் ஆண்டு சிங்கப்பூர் அரசால் எஸ்பிளனேட் பூங்காவில் வைக்கப்பட்டது.